வளவு வீட்டில் ஸ்லாட் கார் பாதை: கழற்றி அடுக்கும் நான்கு பலகைகள்

பின்னணி

திருநெல்வேலி டவுனில், ரதவீதிக்குப் பின்னால் இருக்கும் ஒரு வளவில் (பொது முற்றத்தோடு பல குடித்தனங்கள் சேர்ந்திருக்கும் இடம்) நடந்தது இது. கணவன், மனைவி, எட்டாவது படிக்கும் மகள், நான்காவது படிக்கும் மகன், கூடவே ஆச்சி. கணவருக்கு மோட்டார் காயில் கட்டும் கடை. மனைவி சாயங்காலம் வீட்டுப் பட்டாசலில், அதாவது முன் கூடத்தில், பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறார். பெயர் வராமல் எழுதுவதென்றால் சரி என்றார்கள். நான் ஐ.டி.ஐ.யில் ஒயர்மேன் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், அதே வளவில் குடியிருக்கிறேன். ஆரம்பம் முதல் கூட இருந்து பார்த்தேன் என்பதால் எழுதிவைக்கிறேன்.

ஸ்லாட் கார் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. பாதையில் ஒரு காடி, அதாவது குறுகிய பள்ளக் கோடு, ஓடும். காரின் முன்பக்கம் அடியில் இருக்கும் சிறு நாக்கு, கைடு என்பார்கள், அந்தக் காடிக்குள் இறங்கியிருக்கும். காடியின் இரு பக்கமும் உலோகப் பட்டை. கைடின் இரு பக்கமும் இருக்கும் செம்புப் பின்னல் அந்தப் பட்டையில் உரசி மோட்டாருக்கு மின்சாரம் எடுக்கும். கையில் இருக்கும் கண்ட்ரோலரை அழுத்தினால் வேகம், விட்டால் பிரேக். திருப்புவது நம் வேலை இல்லை. ஆனால் வளைவில் வேகம் மிஞ்சினால் கார் காடியை விட்டு வெளியே போய் விழும், ஆட்டமே அதுதான். இங்கிலாந்தில் 1957-இல் ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ற பெயரில் வந்த பிறகு இது வீட்டு விளையாட்டானது. வீட்டில் அதிகம் ஓடுவது 1:32 அளவு, அதாவது உள்ளங்கை நீளத்தைவிடக் கொஞ்சம் பெரிய கார்.

இந்த வீட்டுக்கு அந்த செட் வந்தது மனைவியின் தம்பி மூலம். ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்தவர் கொண்டுவந்தார். அப்போது குடும்பம் ஜங்ஷன் பக்கம் ஆற்றை ஒட்டிய தெருவில் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்ததை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய மழை அது. கட்டிலுக்கடியில் சாக்கில் கட்டி வைத்திருந்த செட்டும் மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து நனைந்தது. தண்ணீர் வடிந்த பிறகு டவுனுக்கு வாடகைக்கு வந்தார்கள்.

மே மாதம் பார்த்தது

2024 கோடை லீவில்தான் அந்தச் சாக்கு அவிழ்ந்தது. பிளாஸ்டிக் துண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகக் கழுவிவிட்டார்கள். ஆனால் அதில் பதித்திருந்த பட்டை இரும்பு. இரும்பு வைப்பதற்குக் காரணம் உண்டு: காரின் அடியில் சிறு காந்தம் இருக்கும், அது பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு வளைவில் காரை விழாமல் காக்கும். காந்தத்துக்காக வைத்த இரும்பு ஈரத்தில் துருப்பிடித்துவிட்டது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். ஓடியது, நின்றது, தட்டினால் ஓடியது. கணவர் என்னைக் கூப்பிட்டார். “அண்ணாச்சி, அடாப்டர் போயிருச்சான்னு கொஞ்சம் பாருங்க.” மல்டிமீட்டர் வைத்துப் பார்த்ததில் அடாப்டர் நன்றாகவே இருந்தது. துண்டுகள் இருபதுக்குச் சற்று மேல். ஒவ்வொரு சந்திலும் இரண்டு லேனுக்கு நான்கு பட்டைகள் ஒன்றையொன்று தொட வேண்டும். ஆக எண்பதுக்கு மேற்பட்ட தொடுகைகள் வழியாகத்தான் மின்சாரம் போகிறது. அதில் ஒவ்வொன்றும் துருவேறியது. மீட்டரை வைத்துக்கொண்டு சுற்றி வந்தால், அடாப்டர் செருகும் துண்டிலிருந்து தள்ளிப்போகப் போக வோல்ட் இறங்கிக்கொண்டே போனது.

நான் அதிகம் கவனித்தது வேறொன்று. பாதையைப் போட முக்கால் மணி நேரம் ஆகிறது. எடுத்துவைக்கவும் ஏறக்குறைய அதே நேரம், ஏனென்றால் கிளிப் உடையாமல் கழற்ற வேண்டும். டியூஷனுக்கு முன் தரை காலியாக வேண்டும். மகள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு “இப்பப் போட்டா உடனே எடுக்கணும்” என்று சொல்லிச் சாக்கைத் திறக்காமலே விட்ட நாட்கள் நிறைய. பாதை நன்றாக இருந்தாலும் அது வெளியே வரவில்லை. தொடுகைக் கோளாறை நான் சரிசெய்து கொடுத்திருந்தாலும் இது மாறியிருக்காது.

முதல் யோசனை

கணவரின் யோசனை நேரடியானது. எட்டடிக்கு நாலடி எம்.டி.எஃப். பலகை (மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்தது) ஒன்று வாங்கி, அதில் ரூட்டர் மிஷினால் காடி எடுத்து, சுவரில் கீல் போட்டு மடக்கித் தூக்கி நிறுத்திவிடலாம். மரத்தில் காடி எடுத்த பாதைக்குச் சந்தே கிடையாது, ஓட்டம் வழுவழுவென்று இருக்கும். வெளிநாட்டில் கிளப்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

இரண்டு காரணங்களால் அது நின்றது. சுவர் பழைய சுண்ணாம்புச் சுவர். பிளக் அடித்தால் பொடியாகக் கொட்டும், 27 கிலோ பலகையை அது பிடிக்காது (12 மி.மீ. எம்.டி.எஃப். எட்டுக்கு நாலு ஷீட் அந்த எடை வரும்). இரண்டாவது, வாடகை வீடு. மனைவி என்னிடம் தன் நிபந்தனைகளை ஒரே மூச்சில் சொன்னார்: “சாயங்காலம் அஞ்சே முக்காலுக்குத் தரை எனக்கு வேணும் அண்ணாச்சி. சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. தண்ணி வந்தா நனையுற எடத்துல வைக்கக் கூடாது. அப்புறம், தூக்கி வைக்க என்னையக் கூப்பிடக் கூடாது.”

இந்த நான்கு வாக்கியங்களைத்தான் நாங்கள் வரைபடமாக எடுத்துக்கொண்டோம். வழக்கமாக எல்லோரும் பாதையின் வடிவத்தை முதலில் வரைவார்கள். எத்தனை வளைவு, எங்கே நேர்பாதை என்று. இங்கே முதலில் அளந்தது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தை. அகலம் 11 அங்குலம். அங்கே தரையிலிருந்து ஓரடி உயரத்தில் ஒரு முக்காலிப் பலகை போட்டு, அதன்மேல் பலகைகளை ஒருச்சாய்த்து நிறுத்துவது என்று முடிவானது. கட்டிலுக்கடி என்ற பேச்சுக்கே ஆச்சி இடம் கொடுக்கவில்லை. வெள்ளம் பார்த்த வீடு.

நான்கு பலகை

எட்டுக்கு நாலு ஷீட்டின் எட்டடி நீளத்தைக் குறுக்கே நான்காக அறுத்தால் நாலுக்கு ரெண்டு அடியில் நான்கு பலகை. வீணாவது அறுவை வாயில் போகும் சில மில்லிமீட்டர் மட்டும். இந்தப் பலகைகளை அகலவாட்டில், அதாவது நான்கடி குறுக்கேயும் இரண்டடி நீளவாக்கிலும் வரிசையாக வைத்தால் மறுபடி எட்டுக்கு நாலு கிடைக்கும். இரண்டு ஓரப் பலகைகளில் அரைவட்டம், நடுவில் இரண்டு பலகைகளில் நேர்பாதை.

இதில் ஒரு வசதி தானாக அமைந்தது. அரைவட்டத்தின் மையம் ஓரப் பலகையின் உள் விளிம்பிலேயே விழுகிறது. வெளி லேனுக்கு ஆரம் 520 மி.மீ., உள் லேனுக்கு 430. இரண்டு காடிக்கும் இடையே 90. வெளிக் காடியிலிருந்து பலகை ஓரத்துக்கும் கிட்டத்தட்ட 90 மிச்சம். வளைவில் காரின் பின்பக்கம் வீசிப்போக அந்த இடம் வேண்டும். இப்படி அமைத்தால் எந்தக் காடியும் விளிம்பை நேர்கோணத்தில்தான் கடக்கும். வளைவின் நடுவில் சந்து வந்தால் கைடு பக்கவாட்டில் அழுத்திக்கொண்டு போகும்போது இடறும். நேரே போகும்போது அந்த அழுத்தம் இல்லை.

நடுப் பலகைக்கும் ஓரப் பலகைக்கும் ஒரே விதி: விளிம்பின் இரு கோடியிலிருந்தும் 90, 180 மி.மீ.யில் காடி. இரு பக்கமும் ஒரே அளவாக இருப்பதால் பலகையை எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் சேரும். நாளைக்குப் புதிதாக ஒரு பலகை செய்தால் அதுவும் இடையில் சேரும்.

எடைதான் அடுத்த சிக்கல். 12 மி.மீ.யில் ஒரு பலகை ஆறரைக் கிலோவைத் தாண்டும், அடியில் ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) அடித்தால் இன்னும் கூடும். 9 மி.மீ.க்குப் போகலாமா என்றார் கணவர். காடி 8 மி.மீ. ஆழம் வேண்டும், 9-இல் எடுத்தால் அடியில் ஒரு மில்லிமீட்டர்தான் மிஞ்சும், தூக்கும்போதே காடி வழியாக முறிந்துவிடும். அதனால் கனத்தைக் குறைக்காமல், பாதை போகாத நடுப்பகுதியைச் சன்னல் மாதிரி வெட்டி எடுத்தார்கள். பலகைக்கு ஒன்று முதல் இரண்டரை கிலோ குறைந்தது. அந்தச் சன்னலே கைப்பிடியும் ஆனது. கவிழ்ந்த காரை எடுக்க மகன் அதற்குள் உட்கார்ந்துகொள்வான் என்பது யாரும் திட்டமிடாதது.

விளிம்பில்தான் வேலை

பிரித்துச் சேர்க்கும் பாதையில் மொத்த உழைப்பும் விளிம்பில்தான் போகிறது. மூன்று சந்துகள், ஒவ்வொன்றிலும் நான்கு காடிகள். கைடு மூன்று மி.மீ.க்குச் சற்றுக் குறைவான தடிமன், காடி 3.2 மி.மீ. அகலம். எதிரெதிர்க் காடிகள் அரை மில்லிமீட்டர் விலகினாலே கைடின் மூக்கு சுவரில் முட்டி கார் துள்ளும்.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. நான்கு பலகைகளையும் இறுக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு காடியைத் தொடர்ச்சியாக எடுப்பது ஒன்று. சந்தில் மயிரிழை கூட விலகாது, ஆனால் அந்தப் பலகை அந்த இடத்தில் மட்டும்தான் சேரும். புதுப் பலகை செய்ய முடியாது. இன்னொன்று, ஒரு அளவுப் பட்டை (ஜிக்) செய்து அதை வைத்தே எல்லா விளிம்பையும் குறிப்பது. எந்தப் பலகையும் எங்கும் சேரும், ஆனால் கொஞ்சம் பிசிறு இருக்கும். நான் முதலாவதைச் சொன்னேன், மகள் இரண்டாவதைக் கேட்டாள். “எஸ் வளைவு பலகை ஒண்ணு பெறகு செய்யணும் தாத்தா, அது எப்படிச் சேரும்?” அவள் கேட்டது சரி.

கணவரின் கடைக்குப் பக்கத்து லேத் பட்டறையில் பட்டை இரும்பில் ஜிக் செய்தார்கள். நான்கு காடிக்கு நான்கு வெட்டு, பலகைகளைக் கோக்கும் முளைக்கு இரண்டு துளை. எம்.டி.எஃப். விளிம்பில் நேராகத் துளை போட்டால் அது தகடு தகடாகப் பிளந்துவிடும், அதனால் முளை இறங்கியது அடியில் அடித்த ரீப்பர் கட்டையில். இரண்டு முளைகளில் ஒன்றுக்குத் துளை வட்டம், மற்றொன்றுக்கு நீள்வட்டம். இரண்டும் வட்டமாக இருந்தால் தூரத்தில் ஒரு சின்ன வித்தியாசம் வந்தாலும் சேராமல் இறுகும். ஒன்று இடத்தை நிலைநிறுத்தும், மற்றது திருகாமல் மட்டும் பிடிக்கும். பட்டறைக்காரருக்கு இதை விளக்கவே தேவைப்படவில்லை, அவரே சொன்னார்.

முளைகளை அம்பாசமுத்திரத்தில் சொப்புச் சாமான் கடையும் பட்டறையில் கடைந்து வாங்கினார் கணவர். அவருடைய அண்ணன் அங்கே இருக்கிறார். சிவப்பும் மஞ்சளுமாக அரக்குப் பூசி, நுனி சரிந்து, தொட்டுப் பார்க்கவே நன்றாக இருந்தன. இழுத்துப் பிடிக்க டிரங்குப் பெட்டிக்குப் போடும் கொண்டி, சந்துக்கு இரண்டு.

காடி எடுத்தது வளவு முற்றத்தில், முகத்தைத் துண்டால் கட்டிக்கொண்டு. எம்.டி.எஃப். தூசி மிக நுண்மை, அதில் பசையும் கலந்திருக்கும். வீட்டுக்குள் வைத்து ரூட்டர் ஓட்டக்கூடாது. அரைவட்டம் எடுக்க ஒரு மரப்பட்டியின் ஒரு முனையில் ரூட்டரையும் மறு முனையில் ஆணியையும் வைத்துச் சுழற்ற வேண்டும். ஆனால் மையம் விளிம்பிலேயே இருப்பதால் ஆணி நிற்க இடம் இல்லை. அதே கனத்தில் ஒரு துண்டுப் பலகையை விளிம்போடு ஒட்டி இறுக்கி, இரண்டும் சந்திக்கும் கோட்டில் ஆணி அடித்தார்கள். 8 மி.மீ. ஆழத்தை ஒரே தடவையில் எடுக்கவில்லை. இரண்டு இரண்டு மில்லிமீட்டராக இறக்கினார்கள், இல்லாவிட்டால் 3.2 மி.மீ. பிட் சூடேறி ஒடியும்.

கடைசியாக, ஜிக் விட்ட பிசிறைச் சரிக்கட்ட ஒவ்வொரு காடி வாயையும் கடைசி 15 மி.மீ. நீளத்துக்கு 5 மி.மீ. வரை விரித்தார்கள். பலகையைத் திருப்பியும் வைக்கலாம் என்பதால் எல்லா வாயும் விரிந்தாக வேண்டும். வெளியே வரும் வாய் விரிந்திருப்பதால் கார் ஒரு நொடி லேசாக ஆடும். அது ஓட்டத்தைக் கெடுக்கவில்லை.

மின்சாரம்

காடியின் இருபுறமும் ஒட்டியது 6 மி.மீ. செம்பு டேப். இரும்பு வேண்டாம் என்பது முதலிலேயே முடிவு. இங்கே மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன்: ஒரு பலகையின் டேப்பும் அடுத்த பலகையின் டேப்பும் தொட்டு மின்சாரம் போகக் கூடாது. பிளாஸ்டிக் செட்டில் பார்த்த நோய் அதுதான். டேப்பின் நுனியை விளிம்புக்குக் கொஞ்சம் முன்பே மெல்லிய ரம்ப வெட்டு வழியாக அடியில் இறக்கி, ஒயரோடு ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். சந்தில் சில மில்லிமீட்டர் டேப் இல்லாமல் இருக்கும். காரின் செம்புப் பின்னல் அதைவிட நீளம், தாண்டிவிடும்.

பலகையின் அடியில் இரண்டு லேனுக்கு நான்கு ஒயர், 1 சதுர மி.மீ. ஒவ்வொரு விளிம்பிலும் ஒரு நான்கு பின் சாக்கெட், இடையே இரு தலையிலும் பிளக் வைத்த குட்டி ஒயர். ஆக மொத்தப் பாதைக்கும் மூன்று இணைப்புத்தான். எண்பது தொடுகை மூன்று குட்டி ஒயராகக் குறைந்தது. சுற்றில் எங்கே மீட்டர் வைத்தாலும் வோல்ட் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட்டாக்கும் எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, முழுக்க மூடிய பெட்டிக்குள். லேனுக்கு ஒரு ஃபியூஸ், வோல்ட்டைக் குறைக்க ஒரு பக் கன்வெர்ட்டர். முதல் ஓட்டத்திலேயே அந்தக் கன்வெர்ட்டரின் அருமை தெரிந்தது. செம்பில் காந்தம் ஒட்டாது. பிளாஸ்டிக் பாதையில் விசையை முழுக்க அழுத்திக்கொண்டே வளைவைச் சுற்றிய அதே கார், இங்கே முதல் வளைவிலேயே முற்றத்துப் பக்கம் பறந்தது. மகன் அழுதே விட்டான். அவன் லேனை 8 வோல்ட்டுக்கும் அக்கா லேனை 10-க்கும் வைத்தோம். காரின் அடியில் எடை கூட்டவும் வேண்டியிருந்தது. மீன்வலைக்குக் கட்டும் ஈயத்தைத் தட்டி ஒட்டலாம், கிளப்பில் ஓட்டுகிறவர்கள் ஈயம்தான் ஒட்டுவார்கள் என்றார் கணவர். சின்னப் பையன் கை வைக்கும் இடத்தில் ஈயம் வேண்டாம் என்று மனைவி மறுத்துவிட்டார். இரும்பு வாஷர்களை அடியில் பசை போட்டு ஒட்டினார்கள், போதுமானதாக இருந்தது. காந்தம் இல்லாத ஓட்டம் கஷ்டம்தான், ஆனால் காரின் பின்பக்கம் வளைவில் வீசி நிமிர்வதைப் பார்த்த பிறகு மகள் பழையபடி காந்தம் கேட்கவில்லை.

ஆனித் தேர் வாரம்

நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்துக்கு ரதவீதிப் பக்கத்து வீடுகளில் சொந்தக்காரர்கள் வந்து குவிவார்கள். பாதைக்கு இதைவிடக் கடினமான சோதனை இருக்க முடியாது. பட்டாசலில் பாய் விரித்துப் படுப்பவர்களும் உண்டு, பந்தி போடுவதும் அங்கேதான். ஒரே நாளில் பலமுறை போட்டு எடுக்க வேண்டியிருந்தது. பிள்ளைகள் இருவர் சேர்ந்தால் பத்து நிமிடத்துக்குள் போட்டார்கள், எடுத்துவைக்க அதைவிடக் குறைவு. பெரியவர் யாரையும் கூப்பிடவில்லை.

இரண்டு விஷயங்கள் அப்போது தெரிந்தன. ஒன்று, தரை. சிவப்பு ஆக்ஸைடு தரை பார்வைக்குச் சமமாகத் தெரியும், ஆனால் பலகை ஆடியது. ஆடினால் சந்தில் ஏற்றத்தாழ்வு. அதற்கு ரீப்பரின் மூலைகளில் திருகிச் சரிசெய்யும் போல்ட் பாதங்கள் போட்டார்கள். போடும் நேரம் கொஞ்சம் கூடியது. பாதையை எப்போதும் தரையின் ஒரே இடத்தில் போடுவது என்று வைத்துக்கொண்டதால், ஒருமுறை திருகியதை மறுபடி தொட வேண்டியதில்லை.

இரண்டாவது, சண்டை. வெளி லேன் நீளம், அதனால் தோற்கிறோம் என்று வந்த பிள்ளைகள் எல்லாம் புகார். மகள் நூல் வைத்து அளந்தாள். ஒரு சுற்றுக்கு வெளி லேன் ஏறக்குறைய 5.7 மீட்டர், உள் லேன் 5.1. அம்மா அதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்: நேர்பாதை இரண்டுக்கும் சமம், வளைவுகள் சேர்ந்தால் ஒரு முழு வட்டம், ஆக வித்தியாசம் 2π × 90, அதாவது 565 மி.மீ. ஆரம் எவ்வளவு பெரிதானாலும் இது மாறாது என்றதை யாரும் நம்பவில்லை. அடுத்த வாரம் டியூஷன் பிள்ளைகளுக்கு அதே கணக்கைக் கொடுத்ததாகக் கேள்வி. லேன்கள் ஒன்றையொன்று வெட்டிக் கடக்கும் பலகை ஒன்று செய்தால் நீளம் சமமாகும், ஆனால் வெட்டுமிடத்தில் கார்கள் மோதும், டேப்பையும் துண்டிக்க வேண்டும். அதற்குப் பதில் பந்தயத்தில் பாதிச் சுற்றுகள் முடிந்ததும் ஆட்கள் லேன் மாறிக்கொள்வது என்று முடிவானது. காசு செலவில்லை.

மழை

ஐப்பசி பிறந்து மழை பிடித்ததும் இரண்டு கோளாறுகள்.

முதலாவது முளை. அம்பாசமுத்திரத்தில் கடைந்த மர முளைகள் ஈரத்தில் ஊதிக்கொண்டன. வெளியே தெரியும் பகுதிக்கு அரக்கு இருந்தது, ரீப்பருக்குள் பசை போட்டு இறக்கிய பகுதியும் வெட்டிய நுனியும் பூச்சில்லாத வெறும் மரம். சேர்த்த பலகைகள் ஒருநாள் பிரிய மறுத்தன. டியூஷன் பிள்ளைகள் வாசலில் நிற்க, கணவர் கடையிலிருந்து வந்து மரச்சுத்தியலால் தட்டிப் பிரித்தார். மனைவியின் நிபந்தனைகளில் முதலாவது அன்று மீறப்பட்டது, அதை அவர் சும்மா விடவில்லை. அதே வாரம் 10 மி.மீ. இரும்புத் தண்டில் நுனி சரித்த முளையும், அது இறங்கப் பித்தளைப் புஷ்ஷும் லேத்தில் செய்து மாற்றினார்கள். அரக்கு முளைகளை ஆச்சி எடுத்துக் கொலுப்பெட்டியில் போட்டுவைத்திருக்கிறார்.

இரண்டாவது, பலகை வளைந்தது. சுவரை ஒட்டி நின்ற பலகை வில்லாக வளைந்திருந்தது, நடுவில் கிட்டத்தட்ட நான்கு மி.மீ. சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரம் காக்கும் என்பது ஒரு காரணம். ஆனால் மற்ற மூன்று பலகைகளும் கொஞ்சம் கொஞ்சம் வளைந்தே இருந்தன. ஓடும் பக்கத்துக்கு மட்டும் இரண்டு கை பெயிண்ட் அடித்திருந்தார்கள், அடிப்பக்கம் வெறும் பலகை. பூசிய பக்கம் ஈரம் குடிக்காது, பூசாத பக்கம் குடித்து விரியும், பலகை பூசிய பக்கமாக வளையும். விளிம்புகளும் காடி வாய்களும் இன்னும் மோசம். எம்.டி.எஃப். விளிம்பு தண்ணீர் பட்டால் டீயில் முக்கிய பன் மாதிரி உப்பும், பிறகு காய்ந்தாலும் பழைய அளவுக்கு வராது.

மார்கழி முடிந்து வெயில் வந்ததும் பலகைகளை மொட்டை மாடி நிழலில் தட்டையாகக் கிடத்திக் காயவைத்தார்கள். அடியிலும் அதே பெயிண்ட், அதே இரண்டு கை. விளிம்புக்கும் வெட்டிய சன்னல் ஓரத்துக்கும் தண்ணீர் கலந்த ஃபெவிகால் இரண்டு முறை பூசி, தேய்த்து, அப்புறம் பெயிண்ட். நடுவில் ஒரு குறுக்கு ரீப்பர் கூட்டினார்கள். எடை கூடியது, மகன் இப்போது தனியாகத் தூக்க முடியாது, அக்காவோ நண்பனோ வேண்டும். உப்பிய காடி வாய்களை மறுபடி ஜிக் வைத்துத் திருத்தினார்கள். 2025-இல் அடுத்த மழைக்காலம் வந்தபோது பலகைகள் மறுபடி வளையவில்லை.

டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பற்றவைத்த இடங்கள் எதுவும் விடவில்லை. நேர்பாதையில் இரண்டு இடத்தில் மட்டும் டேப் குமிழியாக எழும்பியது, பெயிண்ட் முழுக்கக் காயும் முன் ஒட்டிய இடங்கள் அவை. பிளேடால் கீறி அழுத்தினால் போதுமாக இருந்தது.

மறுபடி செய்தால்

பலகை வேறு வாங்குவோம். காடி சுத்தமாக விழுவதால் எம்.டி.எஃப். வகைதான் வேண்டும். பிளைவுட்டில் ரூட்டர் ஓட்டினால் மேல் தகடு சிராய் கிளம்பும், உள்ளே பொக்கை இருந்தால் காடியில் ஓட்டை விழும். மாடுலர் கிச்சன்காரர்கள் பயன்படுத்தும் எச்.டி.எச்.எம்.ஆர். பலகை ஈரத்தை நன்றாகத் தாங்கும், விலையும் எடையும் கூடுதல். இந்த ஊர் மழைக்கு அந்தக் கூடுதல் எடையை நான் ஏற்றுக்கொள்வேன். கணவர் ஏற்கவில்லை, இரு பக்கமும் பூசினால் சாதா எம்.டி.எஃப். போதும் என்கிறார்.

பெயிண்ட் அடித்து நன்றாகக் காயவிட்ட பிறகே காடி வாயை விரிப்பது, பிறகு வாய்க்குத் தனியாகப் பூசுவது என்று வரிசையை மாற்றுவோம். முளை ஆரம்பத்திலிருந்தே உலோகம்.

ஜிக்கும் மாறிவிட்டது. அம்பாசமுத்திரத்துப் பெரியப்பா மகன் எஸ் வளைவுப் பலகை செய்கிறேன் என்று ஜிக்கை வாங்கிப்போனான். காடிகள் அச்சாகச் சேர்ந்தன, ஆனால் சந்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்தது. அவன் வாங்கிய ஷீட்டும் 12 மி.மீ. என்றுதான் விற்கப்பட்டது, அளந்தால் கொஞ்சம் மெலிந்திருந்தது. எங்கள் ஜிக் முளைத் துளையை ரீப்பரின் அடியிலிருந்து அளந்தது. நான்கு பலகைகளும் ஒரே ஷீட்டில் வந்தவை என்பதால் அதுவரை தெரியவில்லை. இப்போது எல் ஆங்கிள் இரும்பில் புது ஜிக். அது ஓடும் பக்கத்தின் மேல் உட்கார்ந்து விளிம்பில் கீழே தொங்கும், எல்லா அளவும் மேலிருந்துதான். பலகை எந்தக் கனமானாலும் மேல்பரப்பு சேரும். துருப்பிடிக்காமல் எண்ணெய் தடவி, பலகைகளோடு பீரோ சந்திலேயே வைத்திருக்கிறார்கள்.

அவனுடைய பலகையில் பழைய துளைகளை அடைத்து, புது ஜிக்கில் மறுபடி போட வேண்டும். பொங்கல் லீவுக்கு வரும்போது கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறான். ஐந்து பலகை சேர்ந்தால் பத்தடி. பட்டாசல் பதினாலடி, இடிக்காது. பீரோ சந்துதான் நிறைந்துவிட்டது: நான்கு பலகைக்கே பத்து அங்குலம் போகிறது. ஐந்தாவது எங்கே நிற்கும் என்று மனைவி கேட்டிருக்கிறார், இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.